வட்டத்தின் மையத்தைத் தேடியவர்கள்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் குழந்தைகளின் நாடகம் தவறாது இடம்பெறும் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய நாடகம் ஒன்றிற்குத் தேர்ச்சக்கரம் ஒன்று தேவைப்பட்டது. மேடையில் அது சுழலவும் வேண்டும். கால் ஒடிந்து மூலையில் கிடந்த வட்ட மேசையின் மேற்பலகையைக் கழற்றி எடுத்தோம். இரண்டரை அடி அகலம். வட்டத்தில் பழுது இல்லை. நட்ட நடுவில் ஒரு துளை இட்டுவிட்டால் அச்சு ஏறிவிடும். ஆனால் அந்த நடு எங்கே இருக்கிறது?

நூலைப் பிடித்து அளந்தோம். மிக அகலமான இடம் இதுவே எனக் கருதி, அதைப் பாதியாக்கிப் புள்ளி வைத்தோம். வேறு பக்கமாக அளந்தால் வேறு புள்ளி வந்தது. மூன்றாம் முறை அளந்ததில் மூன்றாவது புள்ளி. எந்தப் புள்ளியில் துளையிடுவது எனத் திகைத்து நின்றோம்.

அச்சமயம் அங்கு வந்தார் ஒரு பெரியவர். இரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக உழைத்தவர். திருநெல்வேலிச் சீமைக்காரர், ஆகவே காலனியில் சிறியோரும் பெரியோரும் அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைப்போம். விளம்பரம் எழுதுவதற்காக வாங்கி வைத்திருந்த சார்ட் அட்டை ஒன்றை அவர் எடுத்தார். அதன் மூலையைப் பலகையின் விளிம்பில் பொருத்தினார். அட்டையின் இரு ஓரங்களும் விளிம்பை வெட்டும் இரண்டு இடங்களில் பென்சிலால் குறித்து, ஒரு நேரான சட்டத்தை வைத்து அவ்விரண்டையும் கோட்டால் இணைத்தார். அட்டையின் மூலையை விளிம்பில் வேறோர் இடத்திற்கு நகர்த்தி அதையே மீண்டும் செய்தார். இரு கோடுகளும் வெட்டிய இடத்தில் ஆணி அடித்துப் பலகையைச் சுழற்றினார். அது சிறிதும் ஆடாமல் சுழன்றது.

பிறகு நம்மைத் திரும்பிப் பார்த்து, “தம்பி, நீங்க மெட்ரிக் பாஸ் பண்ணினவுக. இது சரியா வரும்னு எனக்குத் தெரியும். ஏன் வருதுன்னு நீங்கதான் சொல்லணும்” என்றார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். நமக்கோ விடை தெரியவில்லை. வட்டத்தைப் பற்றிய தேற்றங்களைப் பள்ளியில் நாம் மனப்பாடம் செய்ததுண்டு. தேர்வில் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெற்றதும் உண்டு. ஆயினும் அத்தேற்றங்களுக்கும் அந்த அட்டையின் மூலைக்கும் உறவு இருக்கும் என்பது அன்று நமக்குத் தோன்றவேயில்லை. “விழா முடியட்டும், பார்த்துச் சொல்கிறோம் அண்ணாச்சி” என்றோம். சொல்லவில்லை. அவரும் ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டார்.

அந்தக் கடன் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அலுவலகம் விட்டு வந்த மாலை நேரங்களில் நூல்களைப் புரட்டினோம். ஒரு வினாவுக்கு விடை தேடப் போய், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றைக் கண்டோம். வட்டத்தின் மையத்தை எவ்வளவு குறைந்த கருவிகளைக் கொண்டு காணலாம் என்பதே அவ்வரலாறு. நாம் கணித வல்லுநர் அல்லோம். கோப்புகளோடு காலம் கழிக்கும் குமாஸ்தாவே. ஆகவே நமக்கு விளங்கிய அளவில், நம்மைப் போன்றோர்க்கு விளங்கும் வண்ணம், அதனை இங்கு எழுதுகிறோம்.

யூக்ளிட் காட்டிய வழி

கி.மு. 300 அளவில் அலெக்ஸாந்திரியா நகரில் வாழ்ந்தவர் யூக்ளிட் என்னும் கிரேக்க அறிஞர். ‘மூலங்கள்’ என்னும் பொருள்படும் அவரது நூல் 13 பகுதிகளைக் கொண்டது. உலகெங்கும் பள்ளிகளில் கற்பிக்கப்படும் வடிவ கணிதத்திற்கு அதுவே ஊற்று. வட்டங்களைப் பற்றிப் பேசும் மூன்றாம் பகுதியின் முதல் தேற்றமே, கொடுக்கப்பட்ட ஒரு வட்டத்தின் மையத்தைக் காண்பது எப்படி என்பதுதான்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். மையத்தில் ஒரு காலை ஊன்றித்தானே கவராயத்தால் வட்டம் வரைகிறோம்? கையில் இருந்த மையத்தை மீண்டும் தேடுவானேன்? ஆம், தாளில் வரையும் வட்டம் மையத்தோடு பிறக்கிறது. ஆனால் உலகில் நம் கைக்கு வந்து சேரும் வட்டங்கள் அவ்வாறு வருவதில்லை. பானையின் வாயும், நாணயமும், அறுத்த மரத்தின் முகமும், பணிமனைக்கு வரும் உருண்டைக் கம்பியும் விளிம்பை மட்டுமே காட்டுகின்றன. மையத்தை நாம்தான் கண்டறிய வேண்டும்.

யூக்ளிட்டின் வழி எளியது. வட்டத்தின் விளிம்பில் இரண்டு புள்ளிகளை எடுத்துக் கோட்டால் இணைக்க வேண்டும். இக்கோட்டுக்கு ‘நாண்’ என்று பெயர். நாணின் நடுப்புள்ளியில் அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்து, இரு பக்கமும் விளிம்பைத் தொடும் வரை நீட்ட வேண்டும். அக்கோட்டின் நடுப்புள்ளியே வட்டத்தின் மையம். காரணம் இதுதான்: மையமானது நாணின் இரு முனைகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்க வேண்டும்; இரு முனைகளுக்கும் சம தூரத்தில் உள்ள புள்ளிகள் யாவும் அந்தச் செங்குத்துக் கோட்டின்மேல்தான் உள்ளன. ஆகவே மையம் அக்கோட்டை விட்டு வெளியே இருக்க இயலாது.

இதற்கு அவர் கையாண்ட கருவிகள் இரண்டே. அளவு குறிக்கப்படாத நேர்கோல் ஒன்று, கவராயம் ஒன்று. இவ்விரண்டில் ஒன்றையேனும் குறைக்க இயலுமா என்பதே பின்வந்தோர் மனத்தில் எழுந்த கேள்வி.

அண்ணாச்சியின் அட்டை

முதலில் அண்ணாச்சியின் வினாவுக்கு விடை கூறிவிடுவோம். அவர் பயன்படுத்தியது ஒரு செங்கோணம், அதாவது தச்சர்கள் மூலைமட்டத்தால் பார்க்கும் சதுர மூலை. வட்டத்தின் விட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் விளிம்பிலுள்ள எந்தப் புள்ளிக்குக் கோடு வரைந்தாலும், அங்கே அமையும் கோணம் செங்கோணமே. இவ்வுண்மையைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரில் வாழ்ந்த தேலீஸ் என்பவரோடு இணைத்துப் பேசுவது மரபு. யூக்ளிட்டின் மூன்றாம் பகுதியில் இது 31-ஆம் தேற்றமாக உள்ளது.

இதற்கு நிரூபணமும் கடினமன்று. மையத்திலிருந்து விளிம்பிலுள்ள அப்புள்ளிக்கு ஒரு கோடு வரைந்தால் முக்கோணம் இரண்டாகப் பிரியும். மையத்திலிருந்து விளிம்புக்குச் செல்லும் கோடுகள் யாவும் சமம்; ஆகவே இரண்டும் இருசமபக்க முக்கோணங்கள். ஒவ்வொன்றிலும் அடிக்கோணங்கள் இரண்டும் சமம். ஒன்றின் அடிக்கோணத்தை ‘அ’ என்றும் மற்றதன் அடிக்கோணத்தை ‘ஆ’ என்றும் கொள்வோம். பெரிய முக்கோணத்தின் மூன்று கோணங்கள் அ, ஆ, அ+ஆ என அமையும். இவற்றின் கூட்டுத்தொகை 180 பாகை. எனவே அ+ஆ என்பது 90 பாகை.

இதன் மறுதலையும் உண்மை. விளிம்பில் செங்கோண மூலையைப் பொருத்தினால், அதன் ஓரங்கள் வட்டத்தை வெட்டும் இரு புள்ளிகளும் ஒரு விட்டத்தின் முனைகளாகவே இருக்கும். அண்ணாச்சி முதன்முறை வரைந்தது ஒரு விட்டம். இரண்டாம் முறை வரைந்தது வேறொரு விட்டம். விட்டங்கள் யாவும் மையத்தின் வழியே செல்வதால், இரண்டும் வெட்டும் இடம் மையமே ஆகும். நாம் தேர்வில் எழுதிய தேற்றம் இதுதான். அண்ணாச்சியின் கை அறிந்திருந்ததும் இதுதான்.

பத்தாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அபுல் வஃபா (940–998) என்னும் கணித அறிஞர் கைவினைஞர்களுக்கென்றே ஒரு வடிவ கணித நூல் எழுதினார். கணித அறிஞரும் கைவினைஞரும் கலந்துகொண்ட கூட்டங்களில் தாம் அமர்ந்திருந்ததை அந்நூலில் அவர் குறிப்பிடுகிறார். அறிஞர்களுக்கு நிரூபணம் தெரியும், கைப்பழக்கம் இராது. கைவினைஞர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு, நிரூபணத்தைப் பற்றிய கவலை இராது. இதனால் இரு சாராருமே பிழை செய்வதை அவர் கண்டார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இச்செய்தியைப் படித்தபோது, மேசைப் பலகையின் இரு புறமும் நின்ற அண்ணாச்சியும் நாமுமே நினைவுக்கு வந்தோம்.

விரிவு மாறாத கவராயத்தைக் கொண்டே பல வடிவங்களை வரையும் வழிகளையும் அபுல் வஃபா காட்டினார். இத்தகைய கவராயத்தாலும் மையத்தைக் காணலாம். அதன் விரிவின் இரு மடங்குக்குக் குறைவான நாண் ஒன்றை வரைந்து, இரு முனைகளிலிருந்தும் வில் வரைந்தால், அவை வெட்டும் இரு புள்ளிகளை இணைக்கும் கோடு மையத்தின் வழியே செல்லும். வேறொரு நாணில் இதையே செய்தால் மையம் கிட்டும். வட்டம் எவ்வளவு பெரிதாயினும் சிறிய கவராயமே போதும்.

கோலை நீக்கியவர்கள்

நேர்கோலை முற்றிலும் நீக்கிவிட்டுக் கவராயம் ஒன்றையே வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இத்தாலிய நாட்டுப் பாவியா நகரில் கணிதப் பேராசிரியராக இருந்த லொரென்சோ மாஸ்கெரோனி 1797-இல் ‘கவராய வடிவ கணிதம்’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். கோலும் கவராயமும் கொண்டு கண்டறியத்தக்க புள்ளி எதனையும் கவராயம் ஒன்றாலேயே கண்டறியலாம் என்று அதில் நிறுவினார். கவிதையும் எழுதவல்ல அவர், நூலை நெப்போலியனுக்குக் காணிக்கையாக்கினார். நெப்போலியனுக்கும் கணிதத்தில் ஈடுபாடு உண்டு. இத்தாலியப் படையெடுப்பிலிருந்து பாரிஸ் திரும்பிய அவர், இப்புதுமையை அங்கிருந்த பெரும் கணித அறிஞர்களுக்கே எடுத்துரைத்து அவர்களை வியப்பில் ஆழ்த்தினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கவராயம் மட்டும் கொண்டு வட்டத்தின் மையம் காணும் புதிருக்கு ‘நெப்போலியன் கணக்கு’ என்னும் பெயரும் உண்டு.

செய்முறையை ஆர்வமுள்ள மாணவர்க்காகத் தருகிறோம். விளிம்பில் ‘க’ என்னும் புள்ளியை எடுத்து, அதை மையமாகக் கொண்டு முதல் வட்டம் வரைக. அதன் ஆரம், கொடுக்கப்பட்ட வட்டத்தின் ஆரத்தில் பாதிக்கு மேலும், விட்டத்திற்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். அது விளிம்பை இரு புள்ளிகளில் வெட்டும். அவ்விரு புள்ளிகளையும் மையமாகக் கொண்டு, ‘க’ வழியே செல்லும் இரண்டு வட்டங்கள் வரைக. அவை ‘க’ அல்லாத இன்னொரு புள்ளியில் வெட்டும்; அது ‘ச’ ஆகட்டும். ‘ச’ மையமாக, ‘க’ வழியே செல்லும் நான்காம் வட்டம் வரைக. அது முதல் வட்டத்தை இரு புள்ளிகளில் வெட்டும். அவ்விரண்டையும் மையமாகக் கொண்டு, ‘க’ வழியே செல்லும் கடைசி இரு வட்டங்களை வரைக. அவை ‘க’ அல்லாத எப்புள்ளியில் வெட்டுகின்றனவோ, அதுவே நாம் தேடும் மையம். ஆறு வட்டங்களில் வேலை முடிந்தது; ஒரு நேர்க்கோடும் வரையவில்லை.

மீட்டர் அளவுமுறையை வகுக்கும் பணிக்காக மாஸ்கெரோனி பாரிஸுக்கு அனுப்பப்பட்டார். போரின் காரணமாக அவரால் தாய்நாடு திரும்ப இயலவில்லை. 1800-இல் அந்நிய மண்ணிலேயே மறைந்தார். ஆனால் அவர் புகழ் மறையவில்லை. நூறாண்டுக்கு மேலாக, இக்கண்டுபிடிப்பு அவருடையது என்றே உலகம் நம்பியிருந்தது.

1928-இல் ஒரு வியப்பான செய்தி வெளிவந்தது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் மாணவர் ஒருவர் பழைய புத்தகக் கடையில் ஒரு நூலைக் கண்டெடுத்தார். கணிதப் பேராசிரியர் யெல்ம்ஸ்லெவ் அதைப் பார்த்துத் திகைத்தார். கேயார்க் மோர் என்பவர் எழுதி, 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான நூல் அது. கவராயம் ஒன்றே போதும் என்னும் அதே உண்மை அதில் முழுமையாக நிறுவப்பட்டிருந்தது. மாஸ்கெரோனிக்கு 125 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டு எழுதி அச்சிட்டதை, 256 ஆண்டுகள் உலகம் மறந்திருந்தது. மாஸ்கெரோனி அதை அறிந்து எடுத்தாளவில்லை. தாமே சிந்தித்துக் கண்டார். இருவர் பெயரையும் சேர்த்து ‘மோர்–மாஸ்கெரோனி தேற்றம்’ என்று இப்போது வழங்குகின்றனர்.

உண்மையைக் கண்டறிவது மட்டும் போதாது. அதை ஏற்று வாங்கிக்கொள்ளும் ஒருவரும் வேண்டும். அது வாய்க்காதபோது அச்சேறிய நூலே இக்கதிக்கு ஆளாகும் என்றால், எழுதப்படாமல் கைகளிலேயே வாழ்ந்து மறையும் அறிவு எவ்வளவு இருக்கும்!

கவராயத்தை நீக்கியவர்கள்

இனி மறுபுறம். கவராயத்தை நீக்கிக் கோலை மட்டும் வைத்துக்கொள்வோம். இக்கதை ஒரு போர்க்களத்தில் தொடங்குகிறது.

1812-இல் நெப்போலியன் ருஷியாவின்மீது படையெடுத்தபோது, பொன்ஸ்லே என்னும் பிரெஞ்சு இளைஞர் பொறியாளர் படைப்பிரிவில் இருந்தார். வயது 24. கிராஸ்னோய் என்னுமிடத்தில் நடந்த போரில், இறந்தவர்களோடு இறந்தவராகக் கருதி அவரைக் கைவிட்டுச் சென்றது அவரது படை. ருஷியர் அவரைச் சிறைப்பிடித்தனர். கடுங்குளிரில் பல மாதம் நடத்தியே வோல்கா நதிக்கரையிலுள்ள சாரதோவ் நகருக்குக் கொண்டுபோயினர். அங்கே அவரிடம் ஒரு புத்தகமும் இல்லை. தாம் கற்றவற்றை நினைவிலிருந்தே ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார். அதோடு நில்லாமல் புதியனவும் கண்டார். 1814-இல் விடுதலை பெற்றுத் திரும்பிய அவர், 1822-இல் வெளியிட்ட பெருநூலில், தாளில் ஒரே ஒரு வட்டம் அதன் மையத்தோடு கொடுக்கப்பட்டிருந்தால், கோலும் கவராயமும் செய்யும் வேலைகளை நேர்கோல் ஒன்றே செய்துவிடும் என்னும் கருத்தை வெளியிட்டார்.

அதை 1833-இல் முழுமையாக நிறுவியவர் யாக்கோப் ஸ்டைனர். சுவிட்சர்லாந்து நாட்டு உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், எழுதக் கற்றதே 14-ஆம் வயதில்தான். 18 வயதில் பெஸ்டலோஜி நடத்திய பள்ளியை அடைந்து, பின்னர் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்தார்.

இங்கே ‘மையத்தோடு’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். வட்டம் மட்டும் இருந்து மையம் இல்லாவிட்டால்? நேர்கோல் ஒன்றால் அம்மையத்தைக் காண இயலுமா? இயலாது. முயன்றவர் திறமைக் குறைவால் அன்று. எவராலும் என்றும் இயலாது என்பதே நிறுவப்பட்டுள்ளது. ஜெர்மானிய கணித மேதை ஹில்பர்ட்டின் பெயரோடு வழங்கும் அவ்வாதத்தின் சாரம் இது.

கண்ணாடித் தகடு ஒன்றில் வட்டம் வரைந்து, சிறு விளக்கின் முன் பிடித்து, அதன் நிழலைச் சுவரில் விழச் செய்வதாகக் கொள்வோம். நேர்க்கோட்டின் நிழல் நேர்க்கோடே. இரு கோடுகள் வெட்டும் புள்ளியின் நிழல், அக்கோடுகளின் நிழல்கள் வெட்டும் புள்ளியே. வட்டத்தின் நிழல் பொதுவாக நீள்வட்டமாக விழும். ஆயினும், விளக்கு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்க, தகட்டைச் சுவருக்கு இணையாக இல்லாமல் தக்க சாய்வில் பிடித்தால், நிழலும் முழு வட்டமாகவே விழும். இவ்வுண்மையைக் கி.மு. 200 அளவிலேயே அப்பல்லோனியஸ் என்னும் கிரேக்கர் கூம்புகளைப் பற்றிய தம் நூலில் எழுதிவிட்டார். ஆனால் அப்போது தகட்டு வட்டத்தின் மையத்துடைய நிழல், நிழல் வட்டத்தின் மையத்தில் விழுவதில்லை. சற்று விலகியே விழும்.

இப்போது, கோல் ஒன்றால் மையம் காணும் வழி ஒன்று உண்டு என ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். தகட்டில் அவ்வழிப்படி கோடுகளை வரைகிறோம், மையம் கிடைக்கிறது. சுவரிலும் அதே கோடுகளின் நிழல்கள், அதே வழிப்படி, ஒரு வட்டத்தின்மேல் அமைந்துள்ளன. அவ்வழி உண்மையாயின் சுவரில் கிடைத்த புள்ளியும் நிழல் வட்டத்தின் மையமாக இருக்க வேண்டுமன்றோ? ஆனால் அது அங்கு இல்லை. ஆகவே அப்படியொரு வழி இருக்கவே முடியாது.

ஆனால் இந்த ‘இயலாது’ என்பது ஒரே ஓரம் கொண்ட கோலுக்கே பொருந்தும். நம் பிள்ளைகளின் அளவுகோலுக்கு இணையான இரண்டு ஓரங்கள் உண்டு. பழைய அலுவலகங்களில் குமாஸ்தாக்கள் வைத்திருந்த ரூல் தடியும் உருட்ட உருட்ட இணைகோடுகளையே தரும். வட்டத்தின்மேல் அளவுகோலை வைத்து இரு ஓரங்களிலும் கோடு இழுத்தால் இரண்டு இணையான நாண்கள் கிடைக்கும். அவற்றின் முனைகளைக் குறுக்காக இணைத்தால் ஒரு புள்ளியிலும், பக்கவாட்டில் இணைத்து நீட்டினால் வெளியே இன்னொரு புள்ளியிலும் கோடுகள் வெட்டும். அவ்விரு புள்ளிகளின் வழியே இழுக்கும் கோடு ஒரு விட்டம். கோலை வேறு சாய்வில் வைத்து மறுமுறை செய்தால் இன்னொரு விட்டம். இரண்டும் வெட்டுமிடம் மையம். ஓர் ஓரத்தால் என்றும் இயலாதது, இரண்டாவது ஓரம் வந்தவுடன் சில நிமிட வேலையாகிவிடுகிறது.

காகிதம் மட்டும்

கோலும் வேண்டாம், கவராயமும் வேண்டாம் என்ற ஒருவரை நம் சென்னையே தந்தது. தண்டலம் சுந்தர ராவ் என்பவர் 1893-இல் சென்னையில் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், காகிதத்தை மடித்தே வடிவ கணிதம் கற்பது பற்றியது. அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். குழந்தைப் பள்ளிகளில் கற்பித்த காகித மடிப்பைப் பார்த்து அவருக்கு இவ்வெண்ணம் பிறந்தது. காகிதத் துண்டுகளும் ஒரு பேனாக்கத்தியும் போதும் என்றார். ஜெர்மானியப் பேரறிஞர் ஃபீலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதனைக் குறிப்பிட, அதன் வழியே அமெரிக்கர் அறிந்து 1901-இல் சிக்காகோவில் பதிப்பித்தனர்.

வட்டமாக வெட்டிய காகிதத்தை விளிம்போடு விளிம்பு பொருந்த மடித்தால், மடிப்பு ஒரு விட்டம். பிரித்து வேறு பக்கமாக மடித்தால் இன்னொரு விட்டம். இரு மடிப்புகளும் சந்திக்கும் இடம் மையம். கருவி என்று சொல்ல ஒன்றுமே இல்லை, விரல்களே போதும்.

தண்டவாளத்தின் மையம்

மையத்தை அடைய வழியே இல்லாத வட்டங்களும் உண்டு. நாம் தினமும் அவற்றின் அருகில் வாழ்கிறோம். இரயில் பாதையின் வளைவு ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. அவ்வட்டத்தின் மையம் எங்கோ வயலிலோ குன்றுக்குள்ளோ கிடக்கும். அங்கே சென்று முளை அடித்து நூல் பிடிக்க இயலாது. ஆயினும் வளைவின் ஆரம் தெரியாவிட்டால் வண்டியைப் பாதுகாப்பாக ஓட்ட முடியாது.

பாதையைப் பராமரிக்கும் ஊழியர் இதனை எளிதில் முடிக்கின்றனர். 20 மீட்டர் நீளமுள்ள நாண்கயிற்றின் இரு முனைகளையும் தண்டவாளத்தின் உட்பக்கத்தில் வைத்து இறுக்கிப் பிடிக்கின்றனர். நடுவில் கயிற்றுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளக்கின்றனர். ‘வெர்சைன்’ எனப்படும் இவ்வளவால் 50,000-ஐ வகுத்தால் ஆரம் மீட்டரில் வரும். இடைவெளி 50 மில்லிமீட்டர் என்றால் ஆரம் 1,000 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மையத்தை, கட்டைவிரல் நீளத்து இடைவெளி ஒன்று சொல்லிவிடுகிறது. இதற்கு அடிப்படையும் யூக்ளிட்டின் மூன்றாம் பகுதியிலேயே உள்ளது. உடைந்த தட்டின் ஓட்டிலிருந்து முழுத் தட்டின் அளவைக் காண்பதும் இவ்வழியே. ஓட்டின் குறுக்கே நாண் 24 சென்டிமீட்டர், நடுவில் வளைவின் உயரம் 4 சென்டிமீட்டர் என்றால், பாதி நாணாகிய 12-ஐ 12-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்து, 4-ஐக் கூட்டினால் வருவது 40. முழுத் தட்டின் விட்டம் 40 சென்டிமீட்டர்.

இவ்வளவும் படித்தபின் நமக்குப் புலப்பட்டது ஒன்று. கருவி குறையும்போதெல்லாம் அந்த இடத்தை மனிதனின் சிந்தனை நிரப்பியிருக்கிறது. எங்கே நிரப்ப இயலாது என்பதையும் அதே சிந்தனை கண்டு சொல்லியிருக்கிறது. புத்தகமற்ற சிறையில் பொன்ஸ்லேயிடம் எஞ்சியிருந்தது, அவர் பொருளுணர்ந்து கற்றது மட்டுமே. நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது ஒரு மேசைப் பலகைக்குக்கூட உதவவில்லை. நம் காலனிப் பிள்ளைகள் நம்மைவிட அதிகம் படிக்கிறார்கள். அதில் நமக்குப் பெருமையே. அவர்கள் ஒரு தேற்றத்தைப் படித்து முடித்தவுடன், இது எந்தப் பொருளில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். பணிமனையிலிருந்து கை கழுவி வரும் தந்தையிடமே பல விடைகள் இருக்கும்.

இம்மலரைக் கையில் வைத்திருக்கும் சிறுவர்க்கு ஒரு சொல். தாளில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, சுற்றிலும் வட்டம் வரையுங்கள். இம்மலரின் அட்டை மூலையை அதன் விளிம்பில் பொருத்தி, அண்ணாச்சி செய்ததைச் செய்து பாருங்கள். மையம் தவறாது கிடைக்கும். ஏன் கிடைக்கிறது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

இம்மலரின் படி ஒன்று திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு அஞ்சலில் செல்கிறது. அண்ணாச்சி கேட்டதற்கு விடை, காலம் கடந்தேனும், அவரிடம் போய்ச் சேரட்டும்.